பல மரம் கண்ட தச்சனும் இரு தொழில் வீரரும்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். எதைத் தொடங்கினாலும் ஒன்றைப் பிடித்து முடி என்பதே இதன் கருத்து. ஆனால் நம்மைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு வேலை தெரிந்தவர்கள்தான் கஷ்ட காலத்தில் சமாளித்துக் கொள்கிறார்கள். காலபோகத்தில் வயல் செய்பவர் மற்ற நாட்களில் மேசன் வேலைக்குப் போகிறார். பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர் பின்னேரத்தில் தையல் தைக்கிறார். அப்படியென்றால் பழமொழி பிழையா? இந்தக் கேள்விக்கு எண்களால் விடை சொல்லும் ஒரு மேசை விளையாட்டைப் பற்றியே இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

இது என்ன விளையாட்டு?

அதன் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இதற்குத் திரையும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்ற ஒவ்வொருவரும் கதையில் வரும் ஒரு பாத்திரம். "காட்டுப் பாதை இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். நாங்கள் சொல்லும் பதிலால் கதை நகரும். செய்ய நினைத்தது கைகூடியதா இல்லையா என்பதை 1 முதல் 20 வரையான ஓர் எண் தீர்மானிக்கும்.

புத்தகங்களின் விலை எங்களுக்கு எட்டாதது. ஆனால் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை அதன் நிறுவனம் 2023ஆம் ஆண்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் பிரதி எடுக்கவும் கூடிய உரிமத்தில் வெளியிட்டது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் ராத்தா அதில் தேவையான பக்கங்களை மட்டும் போட்டோ கொப்பி எடுத்து வந்தா. அவதான் எங்கள் கதைசொல்லி. நானும் என் மச்சிமார் இருவரும் ஒரு வகுப்புத் தோழியும் விளையாடுகிறோம். நாங்கள் இருப்பது வவுனியா நகரை அடுத்த பட்டானிச்சூர் புளியங்குளம். ஏ9 வீதியில் ஓமந்தையைத் தாண்டி வரும் புளியங்குளம் வேறு. எங்கள் கதையில் டிராகன் கிடையாது. உடையப் போகும் ஒரு குளக்கட்டையும் அதன் கீழே இருக்கும் நான்கு கிராமங்களையும் காப்பாற்றுவதுதான் எங்கள் பணி.

பெற்றோர் வாசிப்பதால் இரண்டு விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக இந்த விளையாட்டை இருபது பக்கப் பகடையால் விளையாடுவார்கள். எங்கள் வீட்டில் பகடை வைப்பதில்லை. பகடை பற்றி மார்க்கத்தில் உள்ள எச்சரிக்கை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே 1 முதல் 20 வரை எழுதிய கடதாசித் துண்டுகளை ஒரு பால்மா டின்னில் போட்டு, ஒன்றை எடுத்து வாசித்துத் திரும்பப் போடுகிறோம். பணமோ பந்தயமோ கிடையாது. அடுத்தது, விதிகளில் மந்திரம் செய்யும் தொழில்களும் இருக்கின்றன. எங்கள் குழு அவற்றை எடுப்பதில்லை. வாளும் வில்லும் கயிறும் எங்களுக்குப் போதுமாக இருக்கின்றன.

தொழிலும் படியும்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. போர்வீரர், ஒற்றர், வேடர் என்று பல. கதை நகர நகரப் பாத்திரம் ஒன்றாம் படியிலிருந்து மேலே ஏறும். அதிகபட்சம் 20 படிகள். ஒவ்வொரு படியிலும் அந்தத் தொழில் புதிதாக ஏதாவது தரும்.

பலம், சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, விவேகம், ஆளுமை என்று ஆறு தன்மைகளும் உண்டு. தொடங்கும்போது 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை இந்த ஆறுக்கும் பங்கிட்டுக் கொள்ளலாம். எல்லாவற்றிலும் சிறந்தவராக யாராலும் தொடங்க முடியாது.

இனி முக்கியமான விதி. ஒரு படி ஏறும்போது பழைய தொழிலிலேயே ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறொரு தொழிலின் முதற்படியை எடுக்கலாம். ஐந்தாம் படியில் இருக்கும் ஒருவர் போர்வீரராக 3 படியும் ஒற்றராக 2 படியும் ஏறியவராக இருக்கலாம். இதைத்தான் மல்டிகிளாஸ் என்கிறார்கள். நாங்கள் இரு தொழில் என்கிறோம்.

இதற்கு ஒரு தகைமை உண்டு. உள்ள தொழிலுக்கும் சேரப் போகும் தொழிலுக்கும் உரிய தன்மைகள் குறைந்தது 13 ஆக இருக்க வேண்டும். ஒற்றருக்குச் சுறுசுறுப்பு 13. போர்வீரருக்குப் பலம் அல்லது சுறுசுறுப்பு 13. வேடருக்குச் சுறுசுறுப்பு, விவேகம் இரண்டும் 13. இதிலேயே முதற்பாடம் இருக்கிறது. போர்வீரரும் ஒற்றரும் ஒரே சுறுசுறுப்பில் ஓடக்கூடியவர்கள் என்பதால் அந்த இரண்டையும் சேர்ப்பது மலிவு. வெவ்வேறு தன்மைகளைக் கேட்கும் தொழில்களைச் சேர்த்தால், உள்ள எண்களை இரண்டு வாய்க்காலுக்கும் பிரித்துவிட வேண்டி வரும்.

எது கூடும், எது கூடாது?

இரண்டு தொழிலை எடுத்தால் இரண்டின் பலனும் அப்படியே கூடும் என்று பலரும் நினைப்பார்கள். விதிகள் அப்படிச் சொல்லவில்லை.

பயிற்சிப் புள்ளி என்று ஒன்று உண்டு. அது மொத்தப் படியைப் பார்த்து வளரும். முதல் நான்கு படிகளில் 2, ஐந்திலிருந்து எட்டு வரை 3, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 4. இரு தொழிலாருக்கு இதில் நட்டம் இல்லை.

தன்மைகளை உயர்த்தும் வாய்ப்பு மொத்தப் படியைப் பார்ப்பதில்லை. அது ஒரு தொழிலின் 4ஆம் படியில் வரும். போர்வீரருக்கு 6ஆம் படியில் இன்னொன்றும் வரும். 3 + 2 என்று பிரித்தவர் மொத்தமாக ஐந்தாம் படியில் நின்றாலும் எந்தத் தொழிலிலும் நான்கைத் தொடவில்லை. அவருக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை.

ஒரு முறையில் இரண்டு தரம் தாக்கும் திறன் போர்வீரருக்கு 5ஆம் படியில் கிடைக்கும். வேடருக்கும் 5ஆம் படியில் அதே திறன் கிடைக்கும். இரண்டிலும் ஐந்து ஏறினாலும் அது இரண்டே தாக்குதல்தான், மூன்றாகாது. ஒரே பொருளுக்கு இரண்டு தரம் காசு கொடுத்தது போலாகும்.

எந்தத் தொழிலில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். போர்வீரராகத் தொடங்கினால் கனமான கவசம் அணியும் பயிற்சி கிடைக்கும். ஒற்றராகத் தொடங்கிப் பிறகு போர்வீரரானால் அது கிடைக்காது. அதேபோல ஒற்றராகத் தொடங்குபவருக்கு நான்கு திறமைகள். பிறகு சேர்பவருக்கு ஒன்றே.

நாங்கள் எடுக்காத மந்திரத் தொழில்களிலும் இதே கதைதான். மந்திரவாதியாக மூன்று படியும் குருவாக மூன்று படியும் ஏறியவருக்கு ஆறாம் படிக்குரிய மூன்றாம் தர இடங்கள் கிடைக்கும். ஆனால் அவர் படித்திருப்பது இரண்டாம் தரம் வரைதான். சஹன் பெரிது, அதில் போடும் சோறு கொஞ்சம்.

ஒரு கணக்கு

என் மூத்த மச்சி போர்வீரரும் ஒற்றரும் கலந்த பாத்திரம் வேண்டும் என்று கேட்டாள். எந்த வரிசையில் ஏறுவது என்பதுதான் கேள்வி. கொப்பியில் கணக்குப் போட்டோம்.

எடுகோள்கள் இவை. மனிதப் பாத்திரம், சுறுசுறுப்பு 16, கையில் மெல்லிய வாள். எதிரியின் காப்பு எண் 15. எடுத்த துண்டோடு நம் புள்ளிகளைக் கூட்டினால் 15 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். வாளின் சராசரிச் சேதம் 4.5. அதோடு சுறுசுறுப்பின் மேலதிகப் புள்ளி சேரும்: 16க்கு 3, 18க்கு 4, 20க்கு 5. ஒற்றைக் கை வாளில் பயின்ற போர்வீரருக்கு இன்னும் 2. ஒற்றருக்கு, தோழி ஒருத்தி எதிரியின் பக்கத்தில் நின்றால், ஒரு முறைக்கு ஒரு தடவை மறைதாக்குதல் சேரும். ஒற்றரின் 1ஆம் படியில் அதன் சராசரி 3.5. பிறகு 3, 5, 7 என்று ஒவ்வோர் ஒற்றைப்படையிலும் இன்னொரு 3.5. கணக்கு இலகுவாக இருக்க, அரிதாக வரும் இரட்டைச் சேதத்தையும் உபதொழில்கள் தருபவற்றையும் விட்டுவிட்டோம்.

ஐந்தாம் படியில் மூன்று பேரைப் பார்ப்போம்.

போர்வீரர் 5: நான்காம் படியில் சுறுசுறுப்பு 18 ஆகிவிட்டது. சேரும் புள்ளி 7. ஆகவே 8 முதல் 20 வரை எந்தத் துண்டு வந்தாலும் அடி விழும். அது இருபதில் 13, அதாவது 65 சதவீதம். ஒரு அடிக்கு 10.5, இரண்டு அடி. சராசரி 13.65.

ஒற்றர் 5: அதே 65 சதவீதம். ஒரே அடி, ஆனால் மறைதாக்குதலோடு 19. சராசரி 12.35.

போர்வீரர் 3 + ஒற்றர் 2: சுறுசுறுப்பு இன்னும் 16 தான். 60 சதவீதம். ஒரே அடி, எல்லாம் சேர்த்து 13. சராசரி 7.8.

கலந்தவர் இருவரிலும் பின்தங்கிவிட்டார். கிட்டத்தட்டப் பாதிதான். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் இந்த வயலை விட்டு அடுத்த வயலை உழப் போனவரின் நிலை இது. பழமொழி சொன்ன தச்சன் இவர்தான்.

ஆனால் கணக்கை இங்கே நிறுத்தக் கூடாது. போர்வீரராக ஐந்தை முடித்துவிட்டுப் பிறகு ஒற்றராக ஏறினால் என்ன?

ஆறாம் படியில் போர்வீரர் 5 + ஒற்றர் 1. இரண்டு அடியின் 13.65 அப்படியே இருக்கிறது. இரண்டில் ஒன்றாவது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 88 சதவீதம். அதனால் மறைதாக்குதலில் இன்னொரு 3.07 சேர்கிறது. மொத்தம் 16.7. அதே ஆறாம் படியில் நேராகப் போர்வீரராகவே ஏறியவருக்கு, சுறுசுறுப்பு 20 ஆகி, 16.1. மூன்று மூன்றாகப் பிரித்தவருக்கு 9.9.

ஒன்பதாம் படியில் போர்வீரர் 5 + ஒற்றர் 4. ஒற்றரின் நான்காம் படியில் சுறுசுறுப்பு 20 ஆகிறது. சராசரி 23.8. போர்வீரராகவே ஒன்பது ஏறியவருக்கு 17.25. ஒற்றராகவே ஒன்பது ஏறியவருக்கு 20.25. இப்போது கலந்தவர் இருவரையும் தாண்டிவிட்டார். அதோடு ஒற்றரின் இரண்டாம் படியில், அடித்துவிட்டு அதே முறையில் விலகி ஓடும் சாமர்த்தியமும் அவருக்குக் கிடைத்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 3 + 2, 3 + 3 என்று போனவரும் கடைசியில் 5 + 4 என்ற அதே இடத்துக்கு வரலாம். ஒன்பதாம் படியில் இருவரும் ஒருவரே. அதே 23.8. வேறுபாடு நான்கிலிருந்து எட்டு வரையான படிகளில்தான். ஒருவர் அந்தக் காலம் முழுவதும் குழுவுக்குத் தோள் கொடுத்தார். மற்றவர் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் பின்னால் நின்றார்.

எத்தனை சனிக்கிழமைகள்?

பொருளியல் பாடத்தில் அமையச் செலவு என்று படிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த தெரிவே அதன் உண்மையான விலை. ஒற்றரின் முதற்படிக்கு விலை, அந்த நேரத்தில் எடுக்காமல் விட்ட போர்வீரரின் படி. நான்காவது இடத்தில் அந்த விலை மிக அதிகம், ஏனென்றால் அடுத்த இரண்டு படிகளில்தான் போர்வீரரின் பெரிய பலன்கள் இருக்கின்றன. ஐந்தை முடித்த பிறகு அதே ஒற்றர் படியின் விலை குறைந்துவிடுகிறது. பொருள் மாறவில்லை, வாங்கும் நேரம் மாறியது.

நேரம் என்றவுடன் இன்னொரு கணக்கும் வருகிறது. போர்வீரர் 11ஆம் படியில் மூன்றாவது தாக்குதலைப் பெறுகிறார். 20ஆம் படியில் நான்காவது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் சனிக்கிழமை பின்னேரம் ரியூஷன் முடிந்துதான் விளையாடுகிறோம். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு படி. உயர்தரப் பரீட்சைக்கு முன் எங்களுக்கு இருந்தவை 24 சனிக்கிழமைகள். அதாவது எட்டுப் படிகள். ஒன்றில் தொடங்கினால் ஒன்பதில் முடியும். அதன் பிறகு யார் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள், யாருக்கு வீட்டில் என்ன முடிவாகும் என்று எங்களுக்குத் தெரியாது. அதே நால்வரும் அதே மேசையில் இருப்போம் என்று யாரும் சொல்ல முடியாது. எனவே பதின்மூன்றாம் படியில் பூக்கும் திட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்பது படிகளும் காத்திருப்பதில் பொருளில்லை. வரப் போகும் படிகளுக்குத்தான் திட்டம் போட வேண்டும். மச்சி ஐந்தை முடித்துவிட்டு ஒற்றராக மாறுவதென்று முடிவெடுத்தாள்.

குழுவையும் பார்க்க வேண்டும். நால்வரில் ஒருவர் பூட்டுத் திறக்கத் தெரிந்தவராக ஏற்கனவே இருந்தால், இரண்டாவது ஒற்றர் தேவையா? எதிரியின் முன்னால் நிற்க யாரும் இல்லையென்றால், மறைதாக்குதலுக்கு உதவும் அந்தப் பக்கத்துத் தோழி எங்கிருந்து வருவாள்? கொப்பியில் உள்ள 23.8 தனியாக நிற்கும் எண் அல்ல. இன்னொருத்தி முன்னால் நிற்கிறாள் என்ற எடுகோள் அதற்குள் இருக்கிறது.

விளையாட்டுக்கு வெளியே

"இதால என்ன பிரயோசனம் மகள்?" என்று வாப்பா கேட்டார்கள். நிகழ்தகவு, சராசரி, அமையச் செலவு என்று பாடப் பெயர்களைச் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிந்ததும் நம்மில் பலர் ஒரே நேரத்தில் ஆங்கில வகுப்பு, கணினி வகுப்பு, தையல் வகுப்பு என்று சேர்கிறோம். பெற்றோர் ஆசையோடு காசு கட்டுகிறார்கள். சில மாதங்களில் உயர்தர வகுப்பு தொடங்கிவிடும். அப்போது ஆங்கிலம் பாதி, கணினி பாதி, தையல் பாதி. கையில் ஒரு சான்றிதழும் இல்லை. மூன்றையும் கற்க நினைத்தது பிழையல்ல. எந்த ஒன்றிலும் பலன் தரும் படியைத் தொடுவதற்கு முன் அடுத்ததற்குத் தாவியதுதான் பிரச்சினை. கிடைக்கும் மாதங்களை முதலில் எண்ணி, அதற்குள் முடியக்கூடிய ஒன்றைச் சான்றிதழ் வரை கொண்டு போய்விட்டு அடுத்ததைத் தொட்டால், இரண்டாவது முதலாவதின் மேல் ஏறி நிற்கும். ஆங்கிலம் ஓரளவு வந்த பிறகு கணினி படிப்பவருக்கு வேலை பாதியாகிவிடும்.

என் வகுப்பில் ஒருத்தி இரண்டு தவணை விஞ்ஞானப் பிரிவில் இருந்துவிட்டு எங்கள் வர்த்தகப் பிரிவுக்கு மாறினாள். அவளுடைய முடிவை இந்தக் கணக்கால் அளக்க நான் துணியமாட்டேன். விளையாட்டில் அடுத்த இருபது படிகளும் என்ன தரும் என்று முன்னமே அச்சடித்த அட்டவணை உண்டு. நமக்கு அப்படியொன்று இல்லை. விளையாட்டில் பயன்படாத படி பயன்படாததே. ஆனால் அவள் படித்த உயிரியல் அவளோடுதான் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வந்தால் அவளைத்தான் கேட்கிறார்களாம். எண்ணில் அடங்காத பலன்களும் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

எனவே பழமொழி பிழையல்ல. அது மரம் பார்ப்பதைத் தடுக்கவில்லை. வெட்டாமல் போவதைத்தான் சொல்கிறது. இரண்டாவது தொழில் ஒன்றைத் தொடும் முன், விளையாட்டிலும் சரி வெளியிலும் சரி, நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பலம் உதவுமா? இப்போது இருப்பதில் பலன் தரும் படி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? எனக்கு இன்னும் எத்தனை சனிக்கிழமைகள் இருக்கின்றன? என் பக்கத்தில் நிற்பவர்களுக்கு என்னிடமிருந்து என்ன தேவை?

இதை எழுதும்போது நாங்கள் ஏழாம் படியில் இருக்கிறோம். குளக்கட்டு இன்னும் உடையவில்லை. ஆறு சனிக்கிழமைகள் மீதம் இருக்கின்றன.